காலையில் ஒரு மணி நேரம்தான்: சைக்கிளா, தியானமா, இரண்டும் சேருமா?

இளவெயில்

எல்லோருக்கும் வணக்கம். பதினோரு வருஷமாக விடியற்காலையில் நாற்பது நிமிடம் கண்மூடி உட்காரும் பழக்கம் எனக்கு உண்டு. முதலில் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனிப்பேன், பிறகு ஜபம். அது இல்லாத நாள் எனக்கு ஒட்டவே ஒட்டாது. போன வருஷக் கடைசியில் இரத்த அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தது. "மனசுக்கு எல்லாம் செய்கிறீர்கள், உடம்பை அசைக்க மட்டும் மாட்டேன் என்கிறீர்களே" என்றார் மருத்துவர். அன்றைக்கு எடுத்ததுதான் சைக்கிள். நான்கு மாதம் ஆகிறது.

எனக்குக் கிடைப்பது காலையில் ஒரே ஒரு மணி நேரம். சைக்கிள் எடுத்த நாளில் உட்கார முடிவதில்லை, உட்கார்ந்த நாளில் சைக்கிள் மூலையில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று ஓட்டிக்கொண்டே ஜபம் செய்ய ஆரம்பித்தேன். வலது காலை அழுத்தும்போதெல்லாம் ஒரு நாமம். முதல் வாரம் அற்புதமாக இருந்தது. கால், மூச்சு, நாமம் மூன்றும் ஒரே தாளத்தில் ஓடின.

போன வியாழக்கிழமை, ஓரமாக நின்றிருந்த காரின் கதவு திறந்தது. திறப்பதை நான் பார்க்கவில்லை. திறந்து முடிந்த பிறகுதான் பார்த்தேன். இரண்டு பிரேக்கையும் ஒருசேர அழுத்தியதில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போய், கதவின் விளிம்புக்கும் என் கைப்பிடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியில் நின்றது. காரிலிருந்த அம்மா என்னைவிட அதிகமாகப் பயந்துபோனார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீடு வந்து அரை மணி நேரம் கழித்தும் கை நடுங்கியது.

கண் திறந்துதான் இருந்தது. பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் நான் அங்கே இல்லை. இப்படி இல்லாமல் போவதையா இத்தனை வருஷம் பழகினேன் என்று மனசு குடைகிறது. இரண்டையும் சேர்ப்பது தப்பா? சேர்க்கலாம் என்றால் எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சக்கரவாகம்

இளவெயில், முழுசாக வீடு திரும்பினீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் ஓட்டுகிறேன். தெளிவாகவே சொல்கிறேன்: சாலையில் ஓடும் சைக்கிளில் ஜபம் வேண்டாம். ஜபத்தின் மேல் குறை இல்லை. மனசை ஒரு புள்ளியில் குவிப்பது ஒரு பழக்கம், அகலத் திறந்து வைப்பது இன்னொரு பழக்கம். ஜபம் குவிக்கிறது. சாலை அகலத் திறக்கச் சொல்கிறது. குவிந்த மனசோடு சாலையில் இறங்கினால், குவிந்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

நிறுத்தி வைத்த கார்களைக் கடக்கும்போது ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகி ஓட்டுங்கள். கதவு முழுசாகத் திறந்தாலும் நீங்கள் தப்பிக்கும் தூரம் அது. காரின் பின்கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். முன்சக்கரம் திரும்பியிருந்தால் அந்தக் கார் கிளம்பப் போகிறது என்று பொருள். இதெல்லாம் தானாக வரும்வரை, இதைக் கவனிப்பதுதான் உங்கள் தியானம்.

இப்படிச் சொல்வதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்குக் கிடைத்த நல்ல நிமிடங்கள் பலவும் இந்தக் கவனத்திலிருந்துதான் வந்தன. புறப்படும் முன் குனிந்து இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் ஒருமுறை அசைப்பேன். ஏறி உட்கார்ந்த பிறகு முதல் ஐந்து நிமிடம் காதுக்கு மட்டும். ரோட்டில் டயர் உருளும் சத்தம் ஒன்று. செயின் பல்லில் ஏறி இறங்கும் சத்தம் அதற்கு மேல். கால் நிறுத்தினால் பின்சக்கரத்தின் டிக் டிக். காற்று காதோரம் உரசுவது தனி. இவை நான்கும் தனித்தனியாகக் கேட்கும் நாளில் மனசு தானாக விரிந்துவிடும். பின்னால் வரும் வண்டி லாரியா, பைக்கா என்பது திரும்பாமலே தெரியும். எதையும் சொல்லிக்கொள்ள வேண்டாம், எதையும் எண்ண வேண்டாம்.

மணல்கடிகாரம்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் இந்த இழை எனக்கும் பொருந்துகிறது. அரை மணி நேரம் ஒரே சீராக மிதித்த பிறகு எனக்குள் ஒன்று தளர்கிறது. முந்தின நாள் அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் நின்று, மரமும் வெயிலும் கண்ணுக்குப் படும். அந்த நேரத்தில் யார் மேலும் கோபம் வராது. இதை ஆன்மிகம் என்கிறீர்களா, உடம்பின் வேதியியல் என்கிறீர்களா?

நான் படித்த வரைக்கும் சொல்கிறேன். உடற்பயிற்சி தரும் மகிழ்ச்சிக்கு, வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின்தான் காரணம் என்று ரொம்ப நாள் சொன்னார்கள். இரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆனந்தமைடு என்று உடம்பு உண்டாக்கும் இன்னொரு பொருள் உண்டு. அது கொழுப்பில் கரைவதால் சுலபமாக உள்ளே போய்விடும். அதைக் கண்டுபிடித்தது 1992ல், ரஃபேல் மெக்கூலமின் ஆய்வுக் குழு. பெயர் வைக்கச் சொல் தேடியபோது 'ஆனந்தம்' என்ற வடசொல்லைத்தான் எடுத்தார்கள். வேதியியல்காரர்களுக்கே அந்தச் சொல் தேவைப்பட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இளவெயில்

மணல்கடிகாரம், எந்த மூலக்கூறு அதைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டதால் அந்த அமைதி எனக்குக் குறைந்துபோகவில்லை. யார் மேலும் கோபம் இல்லை என்று எழுதினீர்களே, நான் பதினோரு வருஷமாகத் தேடி உட்கார்ந்ததும் அதைத்தான். பெயர் எதுவானாலும் இருக்கட்டும்.

சக்கரவாகம் அண்ணா, நீங்கள் சொன்ன நான்கு சத்தத்தை இன்று கேட்டேன். செயின் சத்தத்தை நான்கு மாதத்தில் முதல் முறையாகக் கேட்கிறேன். அதற்கு எண்ணெய் போட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் என் கேள்வி பாதிதான் தீர்ந்திருக்கிறது. உட்காரும் நேரத்தை எங்கே வைப்பது?

நிறைகுடம்

நான் பிசியோதெரபி பார்ப்பவள். காலையில் ஓட்டுகிறேன், பிரார்த்தனையும் உண்டு. எனவே இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்லலாம்.

வரிசை முக்கியம். முதலில் சைக்கிள், பிறகு உட்காருவது. காரணம் எளிமையானது. மிதித்து முடித்த உடம்பில் அசைய வேண்டும் என்ற பரபரப்பு குறைந்திருக்கும். தூக்கத்தோடு நேராகப் போய் உட்காருபவருக்கு வரும் கண்சொருகலும் வராது. ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கிய வேகத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்காராதீர்கள். மிதிக்கும்போது கால் தசைகளுக்கு இரத்தம் நிறையப் போய்க்கொண்டிருக்கும். தசை சுருங்கி விரிவதுதான் அந்த இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பித் தள்ளுகிறது. திடீரென்று நிறுத்தினால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். தலை சுற்றும், சிலருக்குக் கண் இருட்டும். அதை ஆழ்ந்த நிலை என்று நினைத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைசி ஐந்து முதல் பத்து நிமிடம் லேசான கியரில் மெதுவாக மிதித்து வாருங்கள். இறங்கிய பிறகு கொஞ்சம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள், வியர்வை ஆறட்டும். பிறகு உட்காருங்கள்.

இளவெயில், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? பயிற்சி முடிந்த பிறகு சில மணி நேரம் அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கியிருக்கும். மாத்திரையும் சேர்ந்தால் தரையிலிருந்து சட்டென்று எழும்போது தள்ளாடலாம். மெதுவாக எழுந்திருங்கள். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை என்றால் நாடித்துடிப்பைக் கணக்கு வைத்து ஓட்டாதீர்கள், அந்த மாத்திரை துடிப்பையே குறைத்துவிடும். பேச்சை வைத்துப் பாருங்கள். ஓட்டும்போது வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட வரக்கூடாது. மிதமான உழைப்பு அதுதான்.

எவ்வளவு நேரம் என்றால், உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்றிருக்கிறது. தினமும் முப்பது நிமிடம் ஓட்டினாலே வாரத்துக்கு 210 ஆகிறது. உங்கள் ஒரு மணி நேரத்தில் மீதி முப்பது நிமிடம் உட்காரக் கிடைக்கிறதே.

இளவெயில்

மாத்திரை எடுக்கிறேன் மேடம். எந்த வகை என்று பார்த்துக்கொள்கிறேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து பழகிவிட்டு அதைக் குறைப்பதற்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

ஆழ்கிணறு

எனக்கு இங்கே ஒரு மறுப்பு இருக்கிறது. வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சைக்கிள் ஓட்டுவதே தியானம், பாத்திரம் கழுவுவதே தியானம், நடப்பதே தியானம் என்று இப்போது எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள். அசையும் உடம்போடு இருக்கும் கவனம் வேறு. அசையாமல் உட்கார்ந்து, தப்பித்துப் போக எந்த வேலையும் இல்லாமல், தன் மனசைத் தானே பார்ப்பது வேறு. சைக்கிளில் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது. மனசுக்கு ஒவ்வொரு நொடியும் புதிதாக ஏதோ கிடைக்கிறது. உட்கார்ந்தால் எதுவும் கிடைப்பதில்லை. அந்த எதுவும் கிடைக்காத இடத்தில்தான், இத்தனை நாள் மூடி வைத்த பயமும் வருத்தமும் மேலே வரும். வேகமாக மிதித்தால் அவற்றை விட்டுவிட்டு முன்னால் போய்விடலாம். என் மனைவி இறந்த வருஷம் நான் அதைத்தான் செய்தேன். தினம் முப்பது கிலோமீட்டர். உடம்பு நன்றாக ஆனது. அழுகை இரண்டு வருஷம் கழித்து, சைக்கிள் பழுதாகி வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு வாரத்தில்தான் வந்தது.

ஆகவே தம்பி, உட்காருவதை விட்டுவிடாதே. நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

சக்கரவாகம்

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் முன்பு எழுதியதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. "இதுதான் உங்கள் தியானம்" என்று எழுதியிருந்தேன். சாலையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் என்று சேர்த்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜென் மடங்களில் நீண்ட நேரம் உட்காருவதற்கு நடுநடுவே எழுந்து மெதுவாக நடக்கிறார்கள். அதற்குக் கின்ஹின் என்று பெயர். அதை ஓய்வுநேரமாக எண்ணுவதில்லை, பயிற்சியின் தொடர்ச்சியாகவே வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தபோது இருந்த கவனம் எழுந்தவுடன் கொட்டிப்போகாமல் கொண்டுபோகிற பழக்கம். சைக்கிளை நான் அந்த இடத்தில் வைக்கிறேன். உட்காருவதற்குப் பதிலாக இல்லை, உட்கார்ந்தது உண்மையா என்று பார்க்கிற இடமாக. குறுக்கே ஒருவர் திடீரென்று வண்டியைத் திருப்பும்போது என் வாயில் வரும் முதல் சொல் என்ன என்பது, என் இருபது நிமிட அமைதியைப் பற்றி எனக்கு நன்றாகவே சொல்லிவிடுகிறது.

ஆழ்கிணறு

அது சரி. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறைநிலா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும். ஃபஜ்ர் என்ற விடியற்காலைத் தொழுகையை முடித்த கையோடு சைக்கிளை எடுப்பவள் நான். எனக்கு நேரத் தகராறு வந்ததில்லை, தொழுகையின் நேரம் எனக்காக மாறாது என்பதால். அது நிலையாக இருக்கிறது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒழுங்காகிவிடுகிறது. நேரம் போதவில்லை என்பவர்களுக்கு இது உதவலாம்: எது நகரக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உடம்பு அமானிதம் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள், திருப்பிக் கொடுக்கும்போது கேள்வி உண்டு. எடை குறைய வேண்டும் என்று ஓட்டிய காலத்தில் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் விட்டேன். எடை இறங்காத வாரம் வந்ததும் மனம் உடைந்துவிடும். அமானிதத்தைப் பேணுகிறேன் என்ற நிய்யத்தோடு, அதாவது மனதார வைக்கும் எண்ணத்தோடு, எடுத்த பிறகு இரண்டு வருஷமாக விடவில்லை. எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பேணுவது பேணுவதுதானே.

வடக்குவாசல்

நல்ல இழை. நான் கத்தோலிக்கன். சைக்கிளையும் பக்தியையும் பற்றிப் பேசும்போது எனக்கு ஜீனோ பார்த்தலிதான் நினைவுக்கு வருவார். இத்தாலிய வீரர். டூர் தெ ஃப்ரான்ஸ் பந்தயத்தை 1938லும் 1948லும் வென்றவர். நடுவே பத்து வருஷம், போர் தின்ற வருஷங்கள். பக்திமான் என்றே அவருக்குப் பட்டப்பெயர் இருந்தது. போர்க்காலத்தில் யூதர்களைக் காப்பாற்ற உதவும் போலி அடையாளத் தாள்களைச் சைக்கிளின் குழாய்க்குள் சுருட்டி வைத்து, பயிற்சிக்கு ஓட்டுகிறேன் என்ற பெயரில் ஊர் விட்டு ஊர் கொண்டுபோனவர். அதைப் பற்றிப் பின்னாளில் அவர் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. 2000ல் இறந்தார். யூதப் படுகொலையின் நினைவைக் காக்கும் இஸ்ரேலின் யாத் வஷெம் நிறுவனம் அவருக்கு மரியாதை செய்தது 2013ல்.

அதே இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலைமேல் கிசல்லோ என்று ஒரு சிறு கோவில் இருக்கிறது. அங்கிருக்கும் மாதாவைச் சைக்கிள் ஓட்டுபவர்களின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949ல் அறிவித்தார். கோவில் சுவரெல்லாம் சைக்கிள்கள். வென்றவர்கள் காணிக்கையாகக் கொடுத்தவை. அவற்றோடு ஃபாபியோ கசார்தெல்லியின் சைக்கிளும் இருக்கிறது. 1995 டூர் பந்தயத்தில் மலை இறக்கத்தில் விழுந்து இறந்தவர். வென்ற சைக்கிள்களையும் விழுந்த சைக்கிளையும் ஒரே சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறையும்.

ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைக்கு நடந்து போகிறவர்கள் சான்றிதழ் வாங்கக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சைக்கிளில் போனால் 200. சைக்கிளையும் யாத்திரையாகவே ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் இரண்டு மடங்கு தூரம் கேட்டார்கள். ஆழ்கிணறு ஐயாவுக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆழ்கிணறு

பிடித்திருக்கிறது தம்பி. அந்தச் சுவரைப் பற்றி எழுதியது அதைவிடப் பிடித்தது.

துளிர்

அண்ணா அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் கல்லூரி படிக்கிறேன். எனக்குப் பிரச்சினை வேறு மாதிரி. மனசு சரியில்லாமல் இருந்தபோது சைக்கிள் எடுத்தேன், உண்மையாகவே உதவியது. அப்புறம் கைப்பேசியில் தூரம் வேகம் எல்லாம் பதியும் செயலி ஒன்றைப் போட்டேன். இப்போது நேற்றைவிட வேகம் குறைந்தால் அன்றைக்கு முழுக்க எரிச்சலாக இருக்கிறது. போன வாரம் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நூற்றுக்கணக்கில் பறவைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. நின்று பார்த்திருக்கலாம். சராசரி வேகம் இறங்கிவிடும் என்று நிற்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்து அழுகை வந்தது. செயலியை அழித்துவிடட்டுமா?

நிறைகுடம்

அழிக்க வேண்டியதில்லை கண்ணு. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அதைப் போட்டுக்கொள். உடம்பு எப்படி முன்னேறுகிறது என்று தெரிவதில் தப்பில்லை. மற்ற நாட்களில் கைப்பேசி பையில் இருக்கட்டும், அவசரத்துக்கு மட்டும். இன்னொன்று, மனசு சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். சைக்கிள் உதவுவது நல்லதுதான். ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரிடம் பேசு. சைக்கிளும் பிரார்த்தனையும் அவர் தரும் சிகிச்சையோடு கூட இருக்கலாம், அதற்குப் பதிலாக நிற்க முடியாது.

மணல்கடிகாரம்

துளிர், நாளைக்கு அதே நேரத்தில் அந்தக் கரைக்குப் போங்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள். பறவை வராவிட்டாலும் நில்லுங்கள்.

ஒற்றைமேகம்

என் கேள்வி: வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் சைக்கிளில் ஜபம் செய்யலாம் அல்லவா? அங்கே கார் கதவு இல்லையே. அப்புறம் விரத நாளில் ஓட்டலாமா? எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. முட்டியின் முன்பக்கம் வலிக்கவும் செய்கிறது.

நிறைகுடம்

வீட்டுக்குள் என்றால் தாராளமாக. நிமிடத்துக்கு அறுபது எழுபது சுற்று என்று லேசான எடையில் வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஒரு நாமம் அழகாகப் பொருந்தும். ஆனால் பிராணாயாமத்தை மிதிக்கும்போது செய்யாதீர்கள். இது நிறையப் பேர் செய்யும் தவறு. மிதமாக மிதித்தாலே மூச்சு நிமிடத்துக்கு இருபதைத் தாண்டும், உடம்புக்கு அது தேவை. அங்கே மூச்சை அடக்கினால் தலை கனத்து மயக்கம்தான் வரும்.

மெதுவான மூச்சுக்கு இடம் பின்னால் இருக்கிறது. இத்தாலியின் லூச்சானோ பெர்னார்தி குழு 23 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2001ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஜெபமாலை சொல்லும்போதும், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்லும்போதும், இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் சீராக்கும் உடம்பின் அனிச்சைச் செயலும் அப்போது கூர்மையானது. வேறு வேறு மதம், வேறு வேறு மொழி, மூச்சின் அளவு ஒன்று. இளவெயில், ஜபத்தை சைக்கிளில் ஏற்றாமல் இறங்கிய பிறகு வையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். வாய்க்குள் சொல்லாமல் மெல்லிய குரலில் சொல்லிப் பாருங்கள், மூச்சு தானே நீளும்.

ஒற்றைமேகம், விரதம் பற்றி: இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுக்கிறீர்கள் என்றால், வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், சாலையில் அது ஆபத்து. விரத நாளில் சைக்கிளை விட்டுவிட்டு மெல்ல நடங்கள், அதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. முட்டியின் முன்பக்கம் வலிப்பதற்கு அநேகமாக சீட் தாழ்ந்திருப்பதுதான் காரணம். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதியின் மேல் வைத்து அதைக் கீழே தள்ளுங்கள். கால் அப்போது நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதம் மிதியில் இருப்பதால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதையும் விடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே யாரும் சொல்லவில்லை. சைக்கிளில் உடம்பின் எடையை சீட்டு தாங்குகிறது. முட்டிக்கு அது நல்லது, எலும்புக்குப் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போன்ற எளிய பயிற்சியே ஆரம்பத்துக்குப் போதும்.

வடக்குவாசல்

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பக்திப் பாடல் கேட்டபடி ஓட்டுவது பற்றி?

சக்கரவாகம்

வேண்டாம். அது ஜபத்தைவிட மோசம். ஜபம் மனசைத்தான் மூடுகிறது, இது காதையும் சேர்த்து மூடுகிறது. பின்னால் வருவதைச் சைக்கிள்காரனுக்குச் சொல்ல காதை விட்டால் வேறு துணை கிடையாது. பாட்டை உட்காரும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

துளிர்

கரைக்குப் போனேன். இரண்டு நாள் பறவை இல்லை. மூன்றாம் நாள் வந்தன. முழுக்க நின்று பார்த்தேன்.

இளவெயில்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பிறைநிலா சகோதரி சொன்னபடி எது நகரக்கூடாது என்று முதலில் முடிவு செய்தேன். எனக்கு அது உட்காருவது. ஆனால் நாற்பது நிமிடம் என்ற கணக்கு நகரலாம் என்று புரிந்தது. இப்போது முப்பது நிமிடம் சைக்கிள், அதில் கடைசி ஏழு நிமிடம் மெதுவாக. பத்து நிமிடம் நடை, தண்ணீர், துண்டால் முகம் துடைப்பது. பிறகு இருபது நிமிடம் உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் இல்லாமல் முழு நாற்பது.

முதல் இரண்டு வாரம் இருபது நிமிடம் போதவில்லை என்றே இருந்தது, ஏமாற்றப்பட்டதைப் போல. மூன்றாம் வாரத்தில்தான் ஒன்று தெரிந்தது. முன்பெல்லாம் நாற்பது நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் முதுகையும் காலையும் சரி செய்வதிலும் தூக்கத்தோடு மல்லுக்கட்டுவதிலும் போகும். அந்தப் பதினைந்து நிமிடம் இப்போது இல்லை. உட்கார்ந்தவுடன் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது. அது ஒவ்வொன்றாகத் தணிவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். தணிந்து அடங்கியதும் நாமம் தானாக ஆரம்பிக்கிறது. மெல்லிய குரலில்தான் சொல்கிறேன், மேடம்.

ஆழ்கிணறு ஐயா, நீங்கள் எழுதியது எனக்கும் நடந்தது. ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது காரணமே தெரியாமல் அப்பாவின் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது அவர் போய். அவர்தான் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். பிடித்திருக்கிறாரா விட்டுவிட்டாரா என்று தெரியாமலே மிதித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு ஜபம் ஓடவில்லை. இருபது நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது. மாத்திரையை மருத்துவர் நிறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

சாலையில் ஜபம் இல்லை. அந்தக் காரைத் தினமும் கடக்கிறேன், ஒரு மீட்டர் விலகி, கண்ணாடியில் தலை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு. நேற்று அந்த அம்மா உள்ளே இருந்தார். கதவைத் திறக்கும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். நான் மணியை ஒருமுறை அடித்தேன். கை காட்டினார்.

ஆழ்கிணறு

நல்லது தம்பி. ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிடத்தை விடாதே.

ஒற்றைமேகம்

சீட்டை இரண்டு விரல் அளவு உயர்த்தினேன். முட்டி வலி பாதி போய்விட்டது மேடம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது ஒரு நாளைக்கு எத்தனை முறை?

நிறைகுடம்

முதலில் எட்டு முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் இரண்டு நாள். எழும்போது கையை ஊன்றாமல் எழப் பாருங்கள், முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளலாம்.